சாலரி கேப் ஏறினால் நம் டீமுக்கு என்ன லாபம்? ஒரு பெங்கால்ஸ் ரசிகனின் சந்தேகம் (2025 சீசன் தொடங்கும் முன் நடந்த உரையாடல்)

பாமணிக்கரை (மன்னார்குடி)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே அமெரிக்க ஃபுட்பால் பார்க்கிறவர்கள் நாலைந்து பேராவது இருப்பீர்கள் என்ற தைரியத்தில் கேட்கிறேன், மெஸ்ஸி ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். தங்கச்சி மாப்பிள்ளை சின்சினாட்டிக்கு வேலைக்குப் போனதிலிருந்து எனக்கும் அந்த ஊர் டீமான பெங்கால்ஸ் மேல் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஞாயிறு ராத்திரி பத்தரைக்கு ஆரம்பிக்கிற ஆட்டத்தை முழுசாகப் பார்த்துவிட்டு திங்கள் காலையில் உரக்கடையைத் திறந்தால் கண் எரியும், அதெல்லாம் வேறு கதை.

விஷயம் இதுதான். என்எஃப்எல் என்கிற அமெரிக்க ஃபுட்பால் லீக்கில் ஒரு டீம் ஆட்டக்காரர் சம்பளத்துக்கு வருடத்துக்கு இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று ஒரு வரம்பு உண்டு, அதுதான் சாலரி கேப். 2023-ல் அது 22.48 கோடி டாலர். 2024-ல் 25.54 கோடி. 2025-ல் 27.92 கோடி. இரண்டே வருடத்தில் ஒரு டீம் செலவு செய்யக்கூடிய வரம்பு 5 கோடி டாலருக்கு மேல் கூடிவிட்டது. ஆனால் எங்கள் ஆட்கள் 2025 மார்ச்சில் ஃப்ரீ ஏஜென்சியில் (ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களை எந்த டீமும் வாங்கக்கூடிய சந்தை) டிஃபென்ஸுக்கு வெளியிலிருந்து பெரிய பெயர் ஒன்றைக்கூடக் கொண்டுவரவில்லை. எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜோ பர்ரோ 2024 சீசனில் எறிந்தது 4,918 யார்டு தூரம், 43 டச்டவுன் (கோல் மாதிரி), இரண்டிலும் லீக்கிலேயே முதலிடம். அப்படி ஆடியும் 9 வெற்றி, 8 தோல்வி என்று முடிந்து பிளேஆஃப் போகவில்லை, காரணம் அந்த ஓட்டை டிஃபென்ஸ்தான் என்பது ஆட்டம் பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

இவ்வளவு பணம் கூடியும் ஏன் ஆள் வாங்க முடியவில்லை? கேப் ஏறுவது ஒரு டீமுக்கு நல்லதா கெட்டதா? மாப்பிள்ளையிடம் கேட்டால் "ஓனர் கஞ்சன் மச்சான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். எனக்கு அது போதவில்லை.


ஐந்தொகை (கும்பகோணம்)

ஓனர் விஷயத்தில் மாப்பிள்ளை சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு, அதற்கு யாராவது வருவார்கள். நான் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

தம்பி, அந்தப் பணம் உங்கள் டீமுக்கு மட்டும் கூடவில்லை, 32 டீமுக்கும் ஒரே அளவில் கூடியது. 2024-ல் மட்டும் டீமுக்கு 3.06 கோடி, மொத்தமாகப் பார்த்தால் கிட்டத்தட்ட 98 கோடி டாலர் புதிதாகச் சந்தைக்குள் வந்தது. அதற்கு ஏற்றாற்போல் நல்ல பாஸ் ரஷர்கள் (எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்திப் பிடிக்கிற டிஃபென்ஸ் ஆட்கள்) எண்ணிக்கையும் கூடியதா? இல்லையே. சம்பா அறுவடையில் ஊரில் எல்லா வயலும் ஒரே வாரத்தில் முற்றி நிற்கும்போது, எல்லார் கையிலும் ஆளுக்கு ஐயாயிரம் கூடுதலாக இருந்தால் என்ன ஆகும்? அறுப்பு மெஷின் வாடகைதான் ஏறும், மெஷின் கூடாது. முந்தாநாளே பேசி முன்பணம் கொடுத்து வைத்தவன் மட்டும் பழைய வாடகையில் அறுத்துவிட்டுப் போவான்.

கேப் ஏற்றத்தில் லாபம் பார்ப்பவரும் அந்த முன்பணம் கொடுத்த ஆள்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு 2023-ல் குவார்ட்டர்பேக்குகள் கையெழுத்துப் போட்ட வரிசையைப் பாருங்கள். ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவில் ஜேலன் ஹர்ட்ஸ், வருடத்துக்குச் சராசரி 5.1 கோடி. அதே மாதம் பால்டிமோரில் லமார் ஜாக்சன் 5.2. ஜூலையில் ஜஸ்டின் ஹெர்பர்ட் 5.25. செப்டம்பரில் உங்கள் பர்ரோ 5.5. நாலு பேரும் ஏறக்குறைய ஒரே தரம், ஐந்து மாத இடைவெளி, கடைசியாக வந்தவருக்கு அதிக விலை. அடுத்த வருடம் செப்டம்பரில் டாக் பிரெஸ்காட் 6 கோடிக்குப் போட்டார், அவர் இந்த நாலு பேரையும்விடப் பெரிய ஆட்டக்காரர் என்று டல்லாஸ்காரர்களே சொல்ல மாட்டார்கள். வரிசையில் அடுத்து நின்றவர், அவ்வளவுதான்.

எறிகிற பந்தைப் பிடிக்கும் ரிசீவர் பக்கம் வாருங்கள், உங்கள் டீமுக்கு இன்னும் வலிக்கும். 2024-ல் உங்கள் ரிசீவர் ஜமார் சேஸ் புதிய ஒப்பந்தம் கேட்டார், முடியவில்லை. அந்த ஜூனில் மினசோட்டா ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு வருடம் 3.5 கோடி கொடுத்து முடித்துவிட்டது. சேஸ் அந்த சீசனில் 127 கேட்ச், 1,708 யார்டு, 17 டச்டவுன் என்று மூன்றிலும் முதலிடம் பிடித்துவிட்டு 2025 மார்ச்சில் திரும்ப வந்து உட்கார்ந்தார். விலை 4.025 கோடி. அதோடு இன்னொரு ரிசீவர் டீ ஹிக்கின்ஸ் வேறு, நாலு வருடத்துக்கு 11.5 கோடி. பர்ரோ, சேஸ், ஹிக்கின்ஸ் மூவரின் வருடச் சராசரியை மட்டும் கூட்டினால் 12.4 கோடி, அதாவது 27.92 கோடி கேப்பில் 44 சதவீதம். கேப் ஏட்டில் முதல் வருடம் இதைவிடக் குறைவாகத்தான் விழும், ஆனாலும் கணக்கு ஒருநாள் வந்தே தீரும். மீதி 50 பேருக்கு மிச்சத்தைப் பிரிக்க வேண்டும். டிஃபென்ஸுக்குப் பெரிய பெயர் ஏன் வரவில்லை என்பதற்கு இதுவே பாதி பதில்.


வலங்கை மாமா (வலங்கைமான்)

ஐபிஎல்லில் பார்க்காததா? பர்ஸ் 2024-ல் 100 கோடி ரூபாய், 2025-க்கு 120 கோடி ஆக்கினார்கள். ஜெட்டா ஏலத்தில் பந்த் 27 கோடி, ஷ்ரேயஸ் 26.75, வெங்கடேஷ் ஐயர் 23.75. வெங்கடேஷ் ஐயர் ஒரே வருடத்தில் அவ்வளவு வளர்ந்தாரா, பர்ஸ் வளர்ந்ததா என்று நீங்களே சொல்லுங்கள்.


ஐந்தொகை (கும்பகோணம்)

மாமா சொன்னதில் ஒரு திருத்தம். ஜெட்டாவில் நடந்தது மெகா ஏலம், கிட்டத்தட்ட எல்லோரும் வெளியே வந்தார்கள். என்எஃப்எல் ஃப்ரீ ஏஜென்சி அந்த மாதிரி கிடையாது, மினி ஏலம் மாதிரி. 2023 டிசம்பரில் துபாயில் நடந்ததே, ஸ்டார்க் 24.75 கோடி, கம்மின்ஸ் 20.5 கோடி என்று, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆட்கள் எல்லோரையும் அவரவர் டீம் பிடித்து வைத்துக்கொண்டது, வெளியே இருந்தது கொஞ்சம் பேர், கையில் மிச்சப் பணம் வைத்திருந்த டீம்கள் பல. விலை எகிறாமல் என்ன செய்யும்.

தம்பி, உங்கள் கேள்வியில் யாரும் கவனிக்காத பகுதி இதுதான். கேப் ஏறினால் ஃப்ரீ ஏஜென்சி சந்தையின் தரமே குறைகிறது. முன்பெல்லாம் கேப் இடிக்கும், அதனால் ஒரு டீம் தன் மூன்றாவது நாலாவது நட்சத்திரத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், அவர் சந்தைக்கு வருவார். இப்போது இடிப்பதில்லை, எனவே விடுவதில்லை. 2024-ல் கேப் 3 கோடி குதித்தபோது கேன்சஸ் சிட்டி தன் டிஃபென்ஸ் நட்சத்திரம் கிறிஸ் ஜோன்ஸை சந்தை திறப்பதற்கு முன்பே 5 வருடம், 15.875 கோடி என்று கட்டிப்போட்டுவிட்டது. அவர் மட்டும் வெளியே வந்திருந்தால் பத்து டீமாவது வாசலில் நின்றிருக்கும். ஒப்பந்தம் பேச நேரம் வேண்டுமென்றால் ஃப்ரான்சைஸ் டேக் இருக்கிறது, ஒரு வருடச் சம்பளத்தைக் கொடுத்து ஆளை நிறுத்தி வைக்கலாம். ஹிக்கின்ஸுக்கு உங்கள் டீமே இரண்டு வருடம் அதைத்தான் செய்தது, முதல் வருடம் 2.18 கோடி, அடுத்த வருடம் அதற்கு மேல் 20 சதவீதம். கேப் இறுக்கமாக இருந்தால் இரண்டாவது டேக் போடவே யோசித்திருப்பார்கள்.

ஆக மார்ச் மாதம் சந்தைக்கு வருவது பெரும்பாலும் அவர்கள் டீமே "பரவாயில்லை, போகட்டும்" என்று முடிவெடுத்த ஆட்கள். அவர்களுக்குத்தான் முதல்தர விலை.


பாமணிக்கரை (மன்னார்குடி)

அக்கா, இது நான் யோசிக்காத கோணம். ஆனால் ஸ்டார்க்கை அந்த விலைக்கு எடுத்த கொல்கத்தாதானே அந்த வருடம் கோப்பையைத் தூக்கியது? குவாலிஃபயரிலும் ஃபைனலிலும் அவர்தான் ஆட்ட நாயகன். அப்படியானால் விலை அதிகமாக இருந்தாலும் வாங்கத்தான் வேண்டும் என்று ஆகாதா?


தரங்கை அலை (தரங்கம்பாடி)

ஆகும். அக்கா சொல்கிற கணக்கு சரி, ஆனால் முடிவு எனக்குச் சரியாகப் படவில்லை. ஃப்ரீ ஏஜென்சியே வீண் என்கிற மாதிரி இருக்கிறது.

ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுகிறவர்) சக்வான் பார்க்லி. நியூயார்க் ஜயன்ட்ஸ் விட்டுவிட்டது, ஃபிலடெல்ஃபியா 2024 மார்ச்சில் 3 வருடத்துக்கு 3.775 கோடி கொடுத்து எடுத்தது. 2,005 யார்டு ஓடினார், ஃபைனலில் கேன்சஸ் சிட்டியை 40-22 என்று வீழ்த்தி சூப்பர் பவுல் வாங்கினார்கள். அவரும் சந்தைக்கு வந்த ஆள்தானே?

அப்புறம் 2021-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா வருடத்தில் மைதானம் காலி, வருமானம் போச்சு, 19.82 கோடியாக இருந்த கேப் 18.25 கோடியாக இறங்கியது. பல டீம்கள் ஆட்களை வெட்டித் தள்ளின, நல்ல நல்ல ஆட்கள் ஒரு வருட ஒப்பந்தத்துக்கு இறங்கி வந்தார்கள். அந்த நேரத்தில் இடம் வைத்திருந்த நியூ இங்கிலாந்து புகுந்து அள்ளியது. மேத்யூ ஜூடான் 4 வருடத்துக்கு 5.45 கோடி, முதல் வருடம் 12.5 சாக் (எதிரணி குவார்ட்டர்பேக்கை எறியும் முன்பே வீழ்த்துவது), அடுத்த வருடம் 15.5. கேப் இறங்கும்போதுதான் இடம் வைத்திருப்பதற்கு மதிப்பு, ஏறும்போது இல்லை என்று அக்கா சொன்னால் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் சந்தைக்கே போகாதே என்றால் ஒப்புக்கொள்ள முடியாது.


ஐந்தொகை (கும்பகோணம்)

சந்தைக்கே போகாதே என்று நான் எங்கே சொன்னேன்? பார்க்லி உதாரணம் என் பக்கம்தான் நிற்கிறது. மற்ற எல்லா இடத்துக்கும் விலை ஏறிக்கொண்டிருந்தபோது ரன்னிங் பேக் விலை மட்டும் படுத்துக் கிடந்தது, வருடத்துக்கு 1.26 கோடி, 25.54 கோடி கேப்பில் 5 சதவீதம்கூட இல்லை. கூட்டம் போகாத கடையில் ஃபிலடெல்ஃபியா வாங்கியது. அதே மார்ச்சில் கூட்டம் போன கடை எது தெரியுமா? குவார்ட்டர்பேக். அட்லாண்டா கிர்க் கசின்ஸுக்கு 4 வருடம் 18 கோடி, அதில் 10 கோடி கேரண்டி (ஆளை நீக்கினாலும் கொடுத்தே ஆக வேண்டிய பணம்). அடுத்த மாதமே டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை டீம்கள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) எட்டாவது இடத்தில் இன்னொரு குவார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸை எடுத்தார்கள், டிசம்பரில் கசின்ஸை உட்கார வைத்தார்கள். 2021-ல் நியூ இங்கிலாந்து அள்ளியதிலும் ஜூடான் ஒருவரை நினைவு வைத்திருக்கிறோம், 4 வருடம் 5 கோடி வாங்கிய ஜானு ஸ்மித்தை இரண்டு வருடத்தில் தள்ளிவிட்டதை மறந்துவிடுகிறோம்.

2025-ல் பாருங்கள், அதிக இடம் வைத்திருந்தது மறுபடியும் நியூ இங்கிலாந்து. ஃபிலடெல்ஃபியாவின் டிஃபென்ஸ் ஆள் மில்டன் வில்லியம்ஸை 4 வருடம் 10.4 கோடிக்கு எடுத்தார்கள். நல்ல ஆட்டக்காரர், சூப்பர் பவுலில் இரண்டு சாக். ஆனால் ஃபிலடெல்ஃபியாவில் ஜேலன் கார்ட்டருக்குப் பிறகுதான் அவர் பெயர் வரும். இங்கே இரண்டாம் ஆள், அங்கே வருடம் 2.6 கோடி. ஃபிலடெல்ஃபியா கண்ணீர் விட்டிருக்கும் என்று நினைக்காதீர்கள், போனவர்கள் வந்தவர்களைவிடப் பெரிய ஒப்பந்தம் வாங்கியிருந்தால் லீக்கே ஈடாக அடுத்த டிராஃப்டில் கூடுதல் பிக் (தேர்வு வாய்ப்பு) தரும். அதிக விலைக்கு ஆள் போகப் போக அந்தப் பிக்கும் மேலே வரும்.

ஃபிலடெல்ஃபியாவால் இது ஏன் முடிகிறது என்பதுதான் சுவாரசியம், பொறுமையாகப் படியுங்கள். கையெழுத்து போனஸ் என்று 5 கோடி கொடுத்தால் பணம் உடனே கை மாறிவிடும், ஆனால் கேப் ஏட்டில் அது அதிகபட்சம் ஐந்து வருடத்துக்குப் பிரித்து, வருடத்துக்கு ஒரு கோடி என்று எழுதப்படும். ஒப்பந்தம் மூன்று வருடம்தான் என்றாலும் பின்னால் இரண்டு பொய் வருடத்தை ஒட்டி அதிலும் பிரிக்கலாம், அதற்கு வாய்ட் இயர் என்று பெயர். 2021-ல் ஒரு கோடி என்பது கேப்பில் 5.5 சதவீதம். அதே ஒரு கோடி 2025-ல் 3.6 சதவீதம். வட்டி கிடையாது. கேப் ஏறிக்கொண்டே இருக்கும் வரை எதிர்காலத்துக்குத் தள்ளிய சுமை தானாகவே இளைத்துக்கொண்டு போகும். ஹர்ட்ஸ் ஒப்பந்தம் முழுக்க இந்த வேலைதான், முதல் சில வருடங்களில் கேப் ஏட்டில் அவர் பெயருக்கு நேரே மிகச் சிறிய தொகைதான் நிற்கும். ஆடிட் ஆபீஸில் வேலை பார்க்கிற எனக்கு ஃபிலடெல்ஃபியா பொது மேலாளர் ஹோவி ரோஸ்மன் மீது ஒரு தனி மரியாதை, என் முதலாளிகூட இவ்வளவு அழகாகத் தேய்மானம் எழுத மாட்டார்.


வலங்கை மாமா (வலங்கைமான்)

எல்லா டீமும் அதையே செய்துவிட்டுப் போகலாமே அம்மா? நியூ ஆர்லியன்ஸும் வருடா வருடம் தள்ளித் தள்ளித்தான் விடுகிறார்கள், அவர்கள் ஒன்றும் கிழிக்கவில்லையே.


ஐந்தொகை (கும்பகோணம்)

தள்ளுவது ஒரு கருவி மட்டும்தான் மாமா. யாருக்காகத் தள்ளுகிறீர்கள் என்பது இருக்கிறது இல்லையா. இருபத்தைந்து வயது ஆளுக்குத் தள்ளினால் சுமை வரும் வருடத்தில் அவர் ஆடிக்கொண்டிருப்பார். முப்பத்து மூன்று வயது ஆளுக்குத் தள்ளினால் அவர் வீட்டில் இருப்பார், தொகை மட்டும் ஏட்டில் நிற்கும், அதுதான் டெட் மணி. டென்வர் தன் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை அனுப்பியபோது 8.5 கோடி டாலர் அப்படி நின்றது, 2024-க்கு 5.3, 2025-க்கு 3.2 என்று இரண்டாகப் பிரித்து விழுங்கினார்கள்.


தரங்கை அலை (தரங்கம்பாடி)

விழுங்கிவிட்டு அதே வருடம் 10-7 என்று பிளேஆஃப் போனார்கள் என்பதையும் சொல்லுங்கள் அக்கா :) போ நிக்ஸ் என்ற புதுப் பையன், டிராஃப்டில் வந்தவன், நாலு வருடத்துக்கும் சேர்த்து சம்பளம் 2 கோடிகூட இல்லை. 2011-லிருந்து ரூக்கி (டிராஃப்டில் வரும் புதுமுகம்) சம்பளம் கட்டுப்படுத்தப்பட்டதுதான் இதற்கெல்லாம் வழி. கேப் மேலே மேலே போகிறது, வெளிச்சந்தையில் குவார்ட்டர்பேக் 5 கோடி 6 கோடி, ரூக்கிக்கு அதில் ஒரு துண்டு. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் வருடா வருடம் அகலமாகிறது, அந்த வித்தியாசத்தில்தான் ஒரு டீம் டிஃபென்ஸ் கட்டும். பெங்கால்ஸ் 2021 சீசனில் சூப்பர் பவுல் வரை போனபோது பர்ரோ ரூக்கி ஒப்பந்தத்தில் இருந்தார், பாஸ் ரஷர் ட்ரே ஹெண்ட்ரிக்சனை வெளியிலிருந்து வாங்க முடிந்தது. மன்னார்குடி அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த வருடத்திலேயே இருக்கிறது.

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் 2016-ல் நடந்ததை இந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டும். கேப் ஒரே தாவலில் 7 கோடியிலிருந்து 9.41 கோடிக்குப் போனது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம் என்று லீக் சொன்னது, ஆட்டக்காரர் சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லா டீமுக்கும் திடீர் இடம், லேக்கர்ஸ் போய் டிமோஃபே மோஸ்கோவ் என்ற ஆட்டக்காரருக்கு 4 வருடம் 6.4 கோடி கொடுத்தது. யார் லாபம் பார்த்தார்கள்? கோல்டன் ஸ்டேட். 73 ஆட்டம் ஜெயித்த டீம், கெவின் டூரண்டையும் சேர்த்துக்கொண்டது. ஸ்டெஃப் கரி 2012-ல் கணுக்கால் பிரச்சினையோடு போட்ட 4 வருடம் 4.4 கோடி ஒப்பந்தம் அப்போது இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால்தான் அந்த இடமே உண்டானது. அக்கா சொன்ன முன்பணக் கதை அப்படியே.


ஆற்றுமணல் (திருவையாறு)

ஓனர் பகுதிக்கு யாரும் வரவில்லையே, நான் வருகிறேன். இதைச் சொல்லாமல் பெங்கால்ஸ் பற்றிப் பேசுவது முழுமையாகாது.

கேப் வேறு, ரொக்கம் வேறு. கேப் என்பது ஏட்டுக் கணக்கு, செலவு செய்ய லீக் தருகிற அனுமதி. அனுமதி 27.92 கோடி இருக்கிறது என்பதற்காக ஓனர் பெட்டியில் அவ்வளவு ரொக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. கேப்பே எங்கிருந்து வருகிறது என்றால் லீக்கின் வருமானத்தில் ஆட்டக்காரர்களுக்குக் குறைந்தது 48 சதவீதம் என்று 2020 ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, அதிலிருந்து. டிவி ஒப்பந்தங்கள் 2023-லிருந்து 11 வருடத்துக்கு சுமார் 11,000 கோடி டாலர், அதோடு கொரோனா காலத்தில் தள்ளிவைத்த பாக்கிகள் எல்லாம் தீர்ந்துபோனது, அதனால்தான் 2024-ல் அந்தக் குதிப்பு. 1994-ல் ஆரம்பித்தபோது வெறும் 3.46 கோடி.

இப்போது அக்கா சொன்ன போனஸ் தந்திரத்தைப் பாருங்கள். ஏட்டில் ஐந்து வருடம் பிரியும், ஆனால் ரொக்கம் இன்றைக்கே கொடுத்தாக வேண்டும். எதிர்கால வருடங்களுக்குக் கேரண்டி கொடுத்தால் அந்தப் பணத்தின் பெரும்பகுதியை முன்கூட்டியே ஒரு தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும் என்று பழைய விதி ஒன்று வேறு இருக்கிறது. வேறு பெரிய தொழில் வைத்திருக்கிற ஓனருக்கு இது பொருட்டே இல்லை. பெங்கால்ஸ் பிரவுன் குடும்பத்துடையது, பால் பிரவுன் ஆரம்பித்தது, இப்போது மகன் மைக் பிரவுன். அவர்களுக்கு டீம்தான் தொழில். அதனால் முதல் வருடத்துக்கு அப்பால் கேரண்டி கொடுப்பதென்றால் அவர்களுக்குக் கை நடுங்கும். பர்ரோ, சேஸ் மாதிரி ஆட்களுக்கு மட்டும் விதிவிலக்கு. 2025 டிராஃப்டின் முதல் ரவுண்டில் எடுத்த ஷெமார் ஸ்டுவர்ட் கையெழுத்துப் போடாமல் பயிற்சிக்கு வெளியே நின்றார். எவ்வளவு சம்பளம் என்பதில் தகராறு இல்லை, அது விதிப்படி முடிவானது. கேரண்டி எப்போது ரத்தாகலாம் என்ற ஒரு வாசகத்தில்தான் தகராறு. ரூக்கிக்கே இந்தப் பிடிவாதம் என்றால் சந்தையில் போட்டி போட்டு வாங்கும் ஃப்ரீ ஏஜென்டுக்கு என்ன செய்வார்கள்.

அதனால் கேப் ஏறுவது பெங்கால்ஸ் மாதிரி டீமுக்கு உண்மையிலேயே கெட்டது என்பது என் கருத்து. கேப் இறுக்கமாக இருந்தால் பணக்கார ஓனரும் இவர்களும் ஒரே சுவரில் முட்டுவார்கள். சுவர் உயர உயர ரொக்கம் உள்ளவன் மேலே போவான், இவர்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். குறைந்தபட்சம் இவ்வளவு செலவு செய்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது, சில வருடங்களைச் சேர்த்துப் பார்த்து கேப்பில் 90 சதவீதம், ஆனால் அது தரைதான். மிச்சமான இடத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம் என்பதும் சிக்கனக்காரர்களுக்கு நல்ல சாக்கு, "சேமித்து வைக்கிறோம்" என்று சொல்லிக்கொள்ளலாம்.


பாமணிக்கரை (மன்னார்குடி)

திருவையாறு அண்ணன் பதிவை அப்படியே மொழிபெயர்த்து மாப்பிள்ளைக்கு அனுப்பினேன், "இதைத்தானே நான் ஒரே வரியில் சொன்னேன்" என்கிறார்.

சரி, கடைசியாக ஒன்று. ஹெண்ட்ரிக்சன். 2024 சீசனில் 17.5 சாக், லீக்கிலேயே முதல். வயது 30. இந்த 2025-ஓடு ஒப்பந்தம் முடிகிறது, சம்பளம் 1.6 கோடி அளவுக்குத்தான், புது ஒப்பந்தம் இல்லாமல் ஆட மாட்டேன் என்று நிற்கிறார். கேப் ஏறிக்கொண்டிருக்கும்போது முப்பது வயது ஆளுக்கு இப்போதே கொடுப்பதா, இல்லை விட்டுவிட்டு அடுத்த மார்ச்சில் சந்தையில் இளம் ஆளாகப் பார்ப்பதா?


ஐந்தொகை (கும்பகோணம்)

விட்டுவிட்டால் அடுத்த மார்ச்சில் யாரைப் பார்ப்பீர்கள்? நல்ல எட்ஜ் ரஷரை (ஓரத்திலிருந்து பாயும் பாஸ் ரஷர்) எந்த டீமும் வெளியே விடாது. 2023-ல் நிக் போசா 3.4 கோடி, அப்போது அதுவே பெரிய பேச்சு. 2025 மார்ச்சில் மாக்ஸ் கிராஸ்பி 3.55, நாலு நாளில் மைல்ஸ் காரெட் 4 கோடி. டல்லாஸில் மைக்கா பார்சன்ஸ், பிட்ஸ்பர்க்கில் டி.ஜே. வாட் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் போடுகிற கையெழுத்து காரெட்டுக்குக் கீழே வராது. அதற்குப் பிறகு ஹெண்ட்ரிக்சன் ஏஜென்ட் அந்தக் காகிதத்தைத்தான் மேசையில் வைப்பார். சேஸ் விஷயத்தில் பார்த்ததையே திரும்பப் பார்ப்பீர்கள்.

நானாக இருந்தால் 3.5 கோடி வீதம் இரண்டு வருடம், முதல் வருடம் முழுக் கேரண்டி, இரண்டாம் வருடம் பாதி. இன்றைய கேப்பில் அது 12.5 சதவீதம். அடுத்த வருடம் கேப் 30 கோடியைத் தொட்டால் 11.7 ஆகிவிடும்.


தரங்கை அலை (தரங்கம்பாடி)

முப்பது வயதுக்கு இரண்டாம் வருடம் பாதி கேரண்டியா அக்கா? முட்டி போனால் அதுவும் டெட் மணிதான். நான் அவரை வேறு டீமுக்கு டிரேடு செய்து ஒரு முதல் ரவுண்டு பிக் கேட்பேன். கிடைக்காது, இரண்டாம் ரவுண்டுதான் கிடைக்கும், அதையும் வாங்கிக்கொள்வேன்.


ஆற்றுமணல் (திருவையாறு)

இரண்டாம் வருடக் கேரண்டி கேட்டதுமே மைக் பிரவுன் எழுந்து போய்விடுவார், நீங்கள் இரண்டு பேரும் வீணாகச் சண்டை போடுகிறீர்கள். இந்த ஒரு வருடச் சம்பளத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்து ஆட வைப்பார்கள் என்பது என் கணிப்பு, அடுத்த மார்ச்சில் மறுபடியும் இதே பஞ்சாயத்து.


வலங்கை மாமா (வலங்கைமான்)

மன்னார்குடி தம்பி, ஃபிலடெல்ஃபியா பக்கம் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.